பிசியோதெரபி படிக்க பிரிட்டன் வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு

செப்டம்பரில் வந்து சேருகிறவர்களிடமிருந்து நவம்பர் பிறந்ததும் ஒரே மாதிரியான செய்தி வரும்: "அக்கா, இந்தப் படிப்பு எனக்குச் சரிப்பட்டு வராது போலிருக்கிறது." வீடு, வங்கிக் கணக்கு, ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் பதிவு எல்லாம் இந்த இழையில் மேலே பேசியாகிவிட்டது. இந்தப் பதிவு மனசைப் பற்றியது.

நம்மில் பலர் பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டப்படிப்பில் சேர்ந்ததே எம்.பி.பி.எஸ். கை நழுவிப் போனதால்தான். 'டாக்டருக்குக் கிடைக்கவில்லையா?' என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி விமானம் ஏறி இங்கேயும் வந்துவிடுகிறது. இங்கே பிசியோவின் நிலை வேறு. எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவு இல்லாதவர் தன்னைப் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். முதுகுவலி என்று ஜி.பி. மையத்துக்குப் போகிறவர் டாக்டரைப் பார்க்காமலேயே நேராகப் பிசியோவைப் பார்ப்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இரண்டாந்தரம் என்ற நினைப்பை இறக்கி வையுங்கள்.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977ல் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துச் சொன்னார்: தானே செய்து ஜெயித்தது, தன்னைப் போன்றவர் செய்யப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பின் நிலை. புதிதாக வந்தவருக்கு இந்த நான்கும் ஒரே நேரத்தில் வற்றிப்போகின்றன. ஊரில் ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்டு என்ற வலி குறைக்கும் இயந்திரங்களை வைத்துக் கை தேர்ந்தவருக்கு, இங்கே வார்டில் அந்த இயந்திரங்கள் கண்ணில் படுவதே அபூர்வம்; பேச்சும் உடற்பயிற்சியும்தான் சிகிச்சை. பார்த்துக் கற்க நம்மைப் போன்ற முகமும் பக்கத்தில் இருக்காது. பாராட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வாய்க்கு வாய் எல்லோருக்கும் சொல்வதால் அது உண்மைதானா என்று நமக்குச் சந்தேகம். ஒரு வார்த்தை பாராட்டாத பேராசிரியர்களிடம் வளர்ந்தவர்கள் அல்லவா!

ஒரு வார்டுக் காட்சி சொல்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த பாட்டியை மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும். "ஊன்றுகோல் கொடுக்காமல் ஏன் வாக்கர் கொடுத்தாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்கிறார். நம் பெண்ணுக்குக் காரணம் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி அவள் காதில் வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்வியாக விழுகிறது. "சாரி" என்று சொல்லி வாக்கரை நகர்த்தப் போகிறாள். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் மாணவன் தன் முறை வரும்போது, "தெரியவில்லை, பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்" என்கிறான். மதிப்பீட்டுத் தாளில் அவனுக்கு நல்ல பெயர். அவளுக்கு 'தன்னம்பிக்கை போதாது'. அநியாயம்தான். ஆனால் இங்கே மதிப்பெண் விடைக்கு மட்டுமில்லை, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்வதற்கும் உண்டு. ஆகவே நோயாளியிடம் போகும் முன்பே மேற்பார்வையாளரிடம் "இதைச் செய்யப் போகிறேன், காரணம் இது" என்று நீங்களே ஆரம்பியுங்கள். முந்திக்கொண்டால் பாதி நடுக்கம் குறையும்.

நான்காவது ஊற்று உடம்பு. மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. அதை வெள்ளி, சனி இரவுகளில் கேர் ஹோமில் (முதியோர் இல்லத்தில்) முடித்துவிட்டுத் திங்கள் காலை பிளேஸ்மென்டுக்கு, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போனால் கை நடுங்கத்தான் செய்யும். தூக்கமில்லாத நடுக்கத்தைப் 'படிப்பு ஏறவில்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடன் விஷயத்துக்கு வருவோம். பத்திரத்தை அடமானம் வைத்து வந்தவர்கள் மாதத் தவணைப் பயத்தில் பிசியோவையே விட்டுவிட்டுக் கிடைத்த வேலையில் ஒதுங்கிவிடுகிறார்கள். பெரும்பாலோர் சேரும், ஏற்கெனவே பிசியோ படித்தவர்களுக்கான அட்வான்ஸ்டு எம்.எஸ்ஸி. படிப்பு தானாக எச்.சி.பி.சி. பதிவைத் தராது, பதிவுக்கு வழி தரும் எம்.எஸ்ஸி. வேறு. ஆனால் உங்கள் பி.பி.டி.யை வைத்தே எச்.சி.பி.சி.யின் வெளிநாட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். பழைய கல்லூரி நிரப்பித் தரவேண்டிய பாடத்திட்டப் படிவம்தான் இழுத்தடிக்கும். அதை முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள், முடிந்தால் அப்பாவை நேரில் அனுப்புங்கள். ஒரு காரியம் நகர்கிறது என்று தெரிந்தாலே மனசு தெளியும். பேண்ட் 5 என்கிற, அரசு மருத்துவத் துறையின் தொடக்கநிலை பிசியோ வேலைகளுக்கு இப்போது போட்டி கடுமை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கீழே ஒரு தங்கை கேட்டிருந்தார்: "கவுன்சிலிங் போனால் பதிவுக்கு இடைஞ்சல் வருமா?" வராது, அம்மா. மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்வதும் தானாகவே தடையாகாது. பாதுகாப்பாக வேலை செய்யும் திறனைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் மட்டுமே எச்.சி.பி.சி.யிடம் சொல்லவேண்டும். பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவில் கவுன்சிலிங் இலவசம். இடம் கிடைக்கச் சில வாரம் ஆகலாம், அதனால் பரீட்சை நெருங்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள்.