கன்றுக்குட்டி சைஸ் நாய்க்குட்டி வளர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோப்புவீட்டுக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் வீடு. போன வருடம் தை மாதம் கிரேட் டேன் குட்டி ஒன்று வாங்கினோம். 55 நாள் குட்டி, 9 கிலோ. மாங்காய் எடை போடும் தராசில் கூடையோடு வைத்துப் பார்த்தேன், அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் எடை பார்ப்பது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது.

குட்டி வருவதற்கு முந்தின வருடம் எங்கள் வாசலில் திரிந்த தெருக்குட்டி ஒன்று ரத்தபேதி ஆகிச் செத்தது. குட்டிகளுக்கு அந்த ரத்தபேதியைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சோப்புத் தண்ணீருக்கெல்லாம் மசியாது. அதனால் சிமெண்ட் வாசல் முழுக்க பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றித் தேய்த்தோம். மண்ணை என்ன செய்வது, தடுப்பூசி எல்லாம் முடிகிறவரை குட்டியைக் கீழேயே விடவில்லை. அதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் பார்த்துப் பழகாத எதையும் நாய் அப்புறம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். தினமும் சாயங்காலம் மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் சேலம் ஹைவே ஓரம் டீக்கடையில் உட்காருவேன். லாரி ஹாரன், ஆட்டு மந்தை, ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் அங்கேயே பழகிவிட்டது. இப்போது தீபாவளி வெடிக்குக்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான்.

தப்பு நடந்தது சாப்பாட்டில். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான், "எத்தன கிலோ ஆச்சு?" எனக்கும் அந்தப் பெருமை பிடித்துக்கொண்டது. கேட்டபோதெல்லாம் சாப்பாடு, அதற்கு மேல் ஒரு கடையில் "பெரிய ஜாதி, எலும்புக்கு வேணும்" என்று சொல்லிக் கொடுத்த கால்சியம் டானிக். ஆயா தன் பங்குக்கு ராகிக் களியில் பால் ஊற்றிப் பிசைந்து வைப்பார். நான்காவது மாதம் முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைய ஆரம்பித்தன. நடக்கும்போது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர் முதலில் கேட்டதே "என்ன டானிக் கொடுக்கறீங்க?" என்றுதான். இந்த வயசுக் குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும், வேகமாக வளரும் எலும்பு அதனால்தான் கோணிப்போகிறது என்றார். 100 கிராம் ராகியிலேயே 340 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கிறதாம்.

ஆயாவுக்குக் கோபம். "நாங்க வளத்த நாயெல்லாம் களி தின்னுதான் வளந்துச்சு." வாஸ்தவம்தான், ஆனால் அவை வளர்ந்து முடிந்தாலே இருபது கிலோ தாண்டாத நாய்கள். இவன் வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறுகிறவன். டானிக்கைத் தூக்கி எறிந்தோம். பெரிய ஜாதிக் குட்டிக்கென்றே வரும் தீனியை அளந்து மூன்று வேளை, ஆயா மனசுக்காக எலுமிச்சை அளவு களி. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும், அதுதான் கணக்கு. ஹாலில் டைல்ஸ் வழுக்காமல் கோணிச்சாக்கு விரித்தோம், மாடிப்படிக்குக் குறுக்கே பலகை. ஆறு வாரத்தில் கால் நேரானது. இப்போது வருகிறவர்கள் "என்னப்பா, பட்டினி போடறியா?" என்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். உயரம் அவன் ரத்தத்திலேயே இருக்கிறது, ஒன்றரை இரண்டு வருடத்தில் தானாக வந்து சேரும்.

இன்னொன்று. குட்டியாக இருந்தபோது மேலே தாவினால் எல்லாரும் கொஞ்சினோம். ஆறாவது மாதம், 35 கிலோவில், அதே கொஞ்சலோடு ஆயா மேல் தாவினான். ஆயா வைக்கோல் போரில் போய் விழுந்தார், நல்லவேளை அது வைக்கோல். முதல் நாளே நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவுவது என்று பழக்கியிருக்க வேண்டும்.

சந்தூர் மாம்பழம்:

மாந்தோப்பு என்றதும் எனக்கு வயிறு கலங்குகிறது. எங்கள் லாப்ரடாருக்கு அப்போது ஐந்து மாதம், வைகாசி, தோப்பு முழுக்க உதிர்ந்த பழம். காலையில் வாந்தி. வெயில் சூடு என்று மோர் கொடுத்தோம், அதையும் கக்கினான். மறுநாள் தண்ணீர்கூட நிற்கவில்லை. வயிற்றைத் தொட்டால் முதுகைக் கூனிக்கொண்டு நின்றான், அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் காட்டிய இடத்தில் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார்கள், அதில் இன்னொரு நாள் போனது. கடைசியில் பெங்களூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பார்த்தால் சிறுகுடலில் மாங்கொட்டை சிக்கி நிற்கிறது. கொட்டை எக்ஸ்ரேயில் எப்போதும் தெளிவாகத் தெரியாதாம். ராத்திரியே ஆபரேஷன். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார்கள். பிழைத்துவிட்டான்.

லாப்ரடார் மெல்லாமல் விழுங்கும் ஜாதி. நாம் ஓடிப்போய் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் கொட்டையை விழுங்கிவிடும், அதனால் துரத்தாதீர்கள், துரத்தினால் இன்னும் சீக்கிரம் விழுங்கும். ஒரு துண்டு கோழியைக் காட்டினால் தானாகக் கீழே போடும். இப்போது சீசனில் காலையும் மாலையும் வாளியோடு உதிர்ந்த பழம் பொறுக்குவது என் பையன் வேலை. ஒரு வாளிக்கு ஐந்து ரூபாய் கேட்கிறான்.

பாலக்கோடு ராஜபாளையம்:

சின்ன விஷயம்தான், ஆனால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சுத்த வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாங்கும் இடத்தில் நான்கைந்து குட்டிகள் சேர்ந்து இருக்கும்போது தெரியாது, மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். தனியாகப் பிரித்து, தூங்கும்போது பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பாருங்கள். காற்றோ தரை அதிர்வோ அதைத் தொடக்கூடாது. நான் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் குக்கர் விசிலுக்கு அசையாமல் தூங்கியபோதுதான் தெரிந்தது.

திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. கையைக் காட்டினால் உட்காருவாள், டார்ச் இரண்டு முறை அடித்தால் தோட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் வருவாள். கயிறு இல்லாமல் ரோட்டுப் பக்கம் மட்டும் விடுவதில்லை. எழுப்புவதற்குத் தரையில் காலால் தட்டுவோம், ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தால் அதுவும் தேவையில்லை.