உதவி: ஐஸ் உருகியதும் குட்டையில் செத்த மீன்கள். பக்கத்து ஏரியில் மட்டும் எப்படிப் பிழைத்தன?

மினசோட்டாவாசி:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையில் ஆழமான இடமே எட்டடிதான். ஏப்ரலில் ஐஸ் விட்டதும் கரை நெடுக புளூகில் மீன்கள் வயிறு உப்பி மிதந்தன. அடிவரை உறைந்திருக்குமா? பக்கத்துப் பெரிய ஏரியில் ஒரு மீனும் சாகவில்லையே, அது எப்படி?

ஏரிப்பித்தன்:
குளிரால் இல்லை நண்பரே, மூச்சு முட்டித்தான் செத்திருக்கும்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்கும். மேலும் கீழும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் காற்று ஏரியை அடியோடு புரட்டிவிடும். கோடை முழுக்க மூச்சில்லாமல் கிடந்த அடிநீருக்கு அப்போதுதான் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. எனக்கு ஏரியில் மிகவும் பிடித்த நாட்கள் அவை.

4 டிகிரிக்குக் கீழே போன நீர் லேசாகி மேலேயே தங்கி உறையும். அடியில் 4 டிகிரியை ஒட்டிய நீரில் மீன்கள் அதிகம் அசையாமல் இருக்கும், ஆக்சிஜன் தேவையும் குறையும். இருப்பும் தாராளம்: 25 டிகிரி நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம்தான் கரையும், 0 டிகிரியில் 14.6 வரை கரையும். ஐஸ் மூடிய பிறகு வசந்தம் வரை பெரும்பாலும் அந்த இருப்பில்தான் ஓட்டியாக வேண்டும்.

குட்டையில் நீர் கொஞ்சம், அதனால் இருப்பும் கொஞ்சம். செத்த பாசியும் இலையும் மட்கும்போது அதையும் தின்றுவிடும். ஐஸ் மேல் பனி கனமாகப் படிந்தால் வெளிச்சம் இறங்காது, உயிரோடிருக்கும் செடிகளும் ஆக்சிஜன் தராது.

மினசோட்டாவாசி:
பிப்ரவரியில் துளை போட்டபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அதற்கும் இதுதான் காரணமா? துளைகள் நிறையப் போட்டால் போதுமா?

குட்டைக்காரன்:
ஆமாம், அது ஹைட்ரஜன் சல்பைடு. அடியில் ஆக்சிஜன் தீர்ந்தபின் வருவது. துளையால் பெரிய பலன் கிடையாது. ஐஸ் ஆள் தாங்கும் என்று உறுதியானால் பனியை அகலமாக வழித்துவிடுங்கள்.

ஏரேட்டர் (நீருக்குள் காற்றைச் செலுத்தும் கருவி) வைப்பது இன்னும் நல்லது. ஆனால் அதை ஆழத்தில் வைக்காதீர்கள்! அடியில் இருக்கும் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரும் கலங்கிக் குட்டை முழுக்க 0 டிகிரிக்கு நெருங்கிவிடும். கரையோரம் ஆழம் குறைந்த இடமே சரி. அங்கே ஐஸ் மெலிந்துவிடும், பிள்ளைகள் நடக்காதபடி கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வையுங்கள். அது பொதுநீர்நிலைக் கணக்கில் வந்தால் மாநில இயற்கை வளத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். அப்புறம், புல்வெளி உரம் குட்டைக்குள் வழியாமல் பாருங்கள். பாசி அதில்தான் கொழுக்கிறது.