வாளோடு ரயில் ஏறிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

வணக்கம். லண்டனில் இருக்கிறேன். 1066இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை அக்டோபரில், போர் நடந்த பேட்டில் (Battle) என்ற ஊரிலேயே நடித்துக் காட்டுவார்களே, அதில் சேர ஆசை. இங்கிலாந்து மன்னர் ஹெரால்டு பக்கம்தான் நிற்பேன். தோற்கிற கட்சி, பரவாயில்லை.

வாள் மழுங்கலானது, முனையும் உருண்டை. இடுப்பில் செருகும் சாக்ஸ் (seax) என்ற அந்தக் காலத்துக் கத்திதான் நிஜமான கூர். இங்கே 1988 சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தாலே குற்றம். 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்குத்தான் விலக்கு. நிகழ்ச்சிக்குப் போகிறேன் என்று காரணம் சொல்லலாம், சரி. திரும்பும் வழியில் சாப்பிட எங்காவது நுழைந்தால்?

இப்போதைக்கு உறையோடு துணியில் சுற்றி, பூட்டுப் போட்ட நீளப் பெட்டியில் வைத்து, சேரிங் கிராஸில் ரயில் ஏறலாம் என்று நினைக்கிறேன். அழைப்பு மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் போதுமா?

அப்புறம், மேசையில் பார்வைக்கு வைப்பது. போன மாதம் ஒரு சின்னக் கூட்டத்தில் நான் தேநீர் ஊற்றத் திரும்பிய நொடியில், ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் சாக்ஸ் கத்தியை உறையிலிருந்து பாதி உருவிவிட்டான். கைப்பிடியை உறையோடு தோல்வாரால் கட்டாதது என் தப்பு. இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

மேசையோடு கம்பி போட்டுக் கட்டுகிறீர்களா, கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்துகிறீர்களா? பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கேட்டால் என்ன செய்வீர்கள்?