பட்டறை ஜன்னலைத் திறந்தா வைரஸ் போகுமா, வெள்ளி போகுமா?

கொண்டலாம்பட்டி நர்ஸ்:
நேத்து இங்க "கொலுசுக்காரர்" எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறலைங்க. சேலத்து வெயிலுக்கு எந்த வைரஸும் தாங்காதாம். வாசல்ல பிளீச்சிங் பவுடர் தூவி, ரெண்டு வேளை கபசுரக் குடிநீர் குடிச்சா போதுமாம். மாஸ்க் போடு, ஜன்னலைத் திறன்னு சொல்றது மக்களைப் பயமுறுத்தறதாம். 2021 மே மாசம் என்ன மார்கழியா? அந்தக் கத்திரி வெயில்லதான் கொரோனாவுக்கு நம்ம இரும்பாலையில 500 ஆக்சிஜன் படுக்கை போட்டாங்க. வைரஸ் உங்க வாசப்படியில உக்காந்திருக்கலீங்க. இருமும்போது, பேசும்போது மூச்சோட வர்ற பொடித்துளி மூடின ரூமுக்குள்ள மணிக்கணக்கா மிதக்கும். நீங்க பவுடர் போடறது வாசல்ல. ஆளுங்க மூச்சு விடறது உள்ள.

கொலுசுக்காரர்:
நர்ஸ் அக்காவுக்கு வணக்கம். சிவதாபுரத்துல மூணு தலைமுறையா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வெச்சிருக்கோம். ஜன்னலைத் திறந்தா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? அரம் போடற தூள் எல்லாம் வெள்ளி. தரையைக் கூட்டின குப்பையைக்கூட சேத்து வெச்சு உருக்கி எடுக்கறவங்க நாங்க. கொஞ்சம் காத்து வந்தா தூள் போச்சு. கண்ணிகளைப் பத்த வெச்சு ஒட்டற தீயும் ஆடும், ஒட்டு கண்ணி கண்ணியா விட்டுரும். அதனாலதான் ஃபேன்கூடப் போடறதில்ல. தூளுக்கு நட்டம் நீங்க கட்டுவீங்களா?

ஏற்காட்டுக்காரன்:
அண்ணன் சொல்றது சரிதான். குளிர்காத்து பட்டாலே சளி பிடிக்கும். மலை ஏறற பஸ்ஸுல மேல போகப் போக எல்லாரும் கண்ணாடியைச் சாத்திக்கறாங்களே, அத்தனை பேரும் முட்டாளா?

மைக்ரோ மாணவன்:
சாத்திக்கறதாலதான் பரவுது. குளிர் வைரஸைக் கொண்டு வராது, பக்கத்து சீட்டுல இருமறவர் கொண்டு வருவார். கொரோனா காத்துல பரவாதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சுல சொல்லுச்சு. அந்த ஜூலையில 239 விஞ்ஞானிகள் சேந்து மறுத்து எழுதினாங்க. 2021 ஏப்ரல் கடைசியிலதான், காத்தோட்டமில்லாத மூடின இடத்துல மிதக்கும் துளியாலயும் பரவும்னு நிறுவனம் தெளிவா எழுதுச்சு. எங்க மைக்ரோபயாலஜி டிபார்ட்மெண்ட்ல முதல் வருஷத்துலயே இதெல்லாம் படிச்சிட்டோம்.

கொலுசுக்காரர்:
தம்பி, படிச்சது போதும். தூளுக்கு வழி சொல்லு.

கொண்டலாம்பட்டி நர்ஸ்:
தூள், தூள்னு எத்தனை தடவை சொல்வீங்க? வேலை நடக்கறப்ப ஜன்னலைத் திறக்கச் சொன்னது யாரு? டீக்கு நிறுத்தறீங்கல்ல, அப்ப தூளைக் கூட்டி மூடி வெச்சிட்டு எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் திறந்து விடுங்க. மேலே, வேலை செய்யற பலகைக்குத் தள்ளி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சா தீயை ஆட்டாது. இருமறவருக்கு நல்ல மாஸ்க். துணியைக் கழுத்துல தொங்க விட்டா அது மாஸ்க் இல்ல, மூக்கை மூடணும். இதுல எது முடியாது?

இன்னொண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. உங்க பட்டறையில எடைக்குக் கூலியா, மாசச் சம்பளமா? எடைக்குன்னா காய்ச்சல்காரன் ஒரு நாள் வீட்டுல படுத்தா அடுப்பு எரியாது. 102 டிகிரியோட வந்து மத்தவங்களோட முட்டிக்கு முட்டி உக்காந்து கம்பி வளைப்பான். அவனுக்கு லீவுக் காசு கொடுத்தா உங்க பிளீச்சிங் பவுடர் செலவே மிச்சம்.

கொலுசுக்காரர்:
கூலிப் பேச்சு இங்க எதுக்கு? உங்க கதை எனக்குத் தெரியும். ஆடிப் பண்டிகையப்ப கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகாதீங்கன்னு எழுதினவங்கதானே நீங்க?

கொண்டலாம்பட்டி நர்ஸ்:
பொய். "இருமல் இருக்கறவங்க கூட்டத்துக்குப் போக வேண்டாம், பெரியவங்க மாஸ்க் போட்டுட்டுப் போங்க"ன்னு எழுதினேன். அன்னைக்கே என்னைச் சாமிக்கு எதிரின்னு பட்டம் கட்டினீங்க, நான் மறக்கல. வருஷா வருஷம் அந்தக் கூட்டத்துல நானும்தான் கூழு வாங்கிக் குடிக்கறேன்.

ஏற்காட்டுக்காரன்:
கோடை விழாவுக்குக் கூட்டம் வரக்கூடாதுன்னு அடுத்து எழுதுவீங்க. எங்க பொழப்பே மே மாசம்தான்.

மைக்ரோ மாணவன்:
யாரும் அப்படிச் சொல்லலையே. பூங்கா திறந்தவெளி. பிரச்சினை லாட்ஜ் சாப்பாட்டு ஹால்லயும் சாத்தின பஸ்லயும்தான்.

ஏற்காட்டுக்காரன்:
எங்க லாட்ஜைக் குறை சொல்ல நீ யாரு தம்பி? எங்க ஹாலுக்கு வந்து பாத்திருக்கியா?

குகை பாட்டையா:
எனக்கு எழுபது தாண்டியாச்சு. 2025 ஜனவரியில ஹெச்எம்பிவிங்கற சளி, இருமல் வைரஸ் தமிழ்நாட்டுல ரெண்டு பேருக்கு, ஒருத்தர் சென்னை, ஒருத்தர் நம்ம சேலம்னு அரசாங்கம் சொன்னப்ப என் பசங்க என்னை வாசலுக்கே விடல. இதுக்கு ஊசி இருக்கா?

கொண்டலாம்பட்டி நர்ஸ்:
இல்லீங்க ஐயா. அது 2001ல நெதர்லாந்துல கண்டுபிடிச்சது, நமக்குப் புது வியாதி இல்ல, அலற வேண்டாம். ஆனா சளியும் இருமலும் உள்ள பேரப்புள்ளைங்களை ரெண்டு நாள் பக்கத்துல படுக்க வெச்சுக்காதீங்க. ஃப்ளூவுக்கு ஊசி இருக்கு, வருஷா வருஷம் போடணும், டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கங்க. மூச்சு இளைச்சா கஷாயத்தைக் குடிச்சிட்டு வீட்டுல காத்திருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

கொலுசுக்காரர்:
பாத்தீங்களா, கடைசியில கஷாயத்தையும் திட்டியாச்சு. 2020ல அரசாங்கமே கபசுரக் குடிநீர் கொடுத்துச்சு, ஞாபகம் இருக்கா?

மைக்ரோ மாணவன்:
அதே 2020 ஏப்ரல்ல ஆளுங்க மேல கிருமிநாசினி தெளிக்கற சுரங்கத்தைத் திருப்பூர்ல திறந்தாங்க. அதே மாசம் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஆளுங்க மேல தெளிக்கவே கூடாதுன்னு அறிவிச்சுது. கொடுத்தாங்க, திறந்தாங்கன்னா அதுவே ஆதாரமாயிருமா?

கொண்டலாம்பட்டி நர்ஸ்:
குடிநீரைக் குடிக்க வேண்டாம்னு நான் சொல்லல. குடிச்சவன் இருமினாலும் காத்துல வரத்தான் செய்யும். அவனை ஜன்னல் சாத்தின பட்டறைக்குள்ள உக்கார வெக்காதீங்கன்னுதான் மூணாவது தடவையா சொல்றேன். கூலி எடைக்கா, மாசமா? அதுக்கு இன்னும் பதில் வரல.

கொலுசுக்காரர்:
முதல்ல தூளுக்கு ஒரு வழி சொல்லுங்க. என் பட்டறையில ஜன்னல் திறக்காது.

கொண்டலாம்பட்டி நர்ஸ்:
வழி மேலேயே எழுதியாச்சு, திரும்பப் படிங்க. கூலியைச் சொல்லுங்க.