கியோத்தோ தெருக்களில் படம் எடுப்பது குறித்து ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாகச் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் பூக்கடைப் பகுதியிலும் விடியற்காலையில் நடந்தபடியே படம் எடுத்து வருகிறேன். வரும் நவம்பரில் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஐந்து நாட்கள் தங்கவிருப்பதால், அங்கு படம் எடுத்துப் பழகியவர்களின் உதவியை நாடுகிறேன்.

இங்கு கேமராவைக் கண்டதும் டீ மாஸ்டர் ஆற்றும் கையை இன்னும் ஒரு சாண் உயர்த்துவார். மூட்டை இறக்குபவர் "என்னையும் ஒண்ணு எடுங்க சார்" என்பார் (அதன் பிறகு அது இயல்பாக நடப்பதை எடுக்கும் தெருப்படமாக இருப்பதில்லை என்பது வேறு கதை). கியோத்தோவிலோ, கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு 2019 முதல் இருக்கிறது. கெய்ஷாக்கள் எனப்படும் பாரம்பரியக் கலைப் பெண்களைத் துரத்திய சுற்றுலாப் பயணிகளால் வந்த வினை அது. அதை மீறும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் பொதுச்சாலையில் நின்று, முகம் தெளிவாகத் தெரியும்படி வழிப்போக்கர்களை எடுப்பதை அங்குள்ளவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், எடுத்த பின் சைகையால் ஒப்புதல் கேட்டால் போதுமா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இன்னொன்று: முழுச்சட்டக் (full-frame) கேமராவில் 28 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை எஃப் 8-இல் (சிறிய துளை) வைத்து, 2.5 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டிவிடுவது என் வழக்கம். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் முதல் பத்து மீட்டர் வரை தெளிவாக விழும். கூரையிட்ட நிஷிகிச் சந்தையின் மாலை வெளிச்சத்துக்கு இது ஒத்துவருமா, அல்லது தெளிவாக விழும் தூரம் குறைந்தாலும் கூடுதல் வெளிச்சத்துக்காகத் துளையை எஃப் 2.8-க்குத் திறந்துவிடுவதுதான் நல்லதா?