டார்க் தொடர்: கடைசி விருந்தில் பார்டோஷ் ஏன் இல்லை?

மூலப்பத்திரம் எழுதியது:

காலப் பயணத்தைப் பற்றிய ஜெர்மன் தொடரான 'டார்க்'கின் மூன்று சீசன்களையும், 26 பகுதிகளையும் பார்த்து முடிக்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துத்தான் கேட்கப் போகிறேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகளாகப் பத்திர எழுத்தர். ஒரு மனை இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு முன் யாரிடம் இருந்தது என்று மூலப் பத்திரம் வரைக்கும் பின்னால் போவதுதான் என் பிழைப்பு. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. 2020 ஊரடங்கில் என் மகள் இந்தத் தொடரைப் போட்டுக் காட்டினாள். மூன்றாவது சீசன் வெளியான நாள் 2020 ஜூன் 27. கதையில் வின்டன் ஊர் அழியும் நாளும் அதுவே. அன்று மாலையே உட்கார்ந்துவிட்டோம். இந்த ஆண்டு மூன்றாம் முறையாகப் பார்க்கும்போது நான்கு வெள்ளைத் தாள்களை ஒட்டி, வாரிசுச் சான்றிதழுக்கு எழுதுவது போல வம்சாவளி முழுவதையும் எழுதினேன்.

எழுதும்போது உறவுமுறையை நம் வழக்கப்படி போட்டேன். ஜெர்மன் மொழியில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் ஒரே சொல்தான். நமக்கு அப்படியில்லையே. மிக்கேல் மார்த்தாவின் தம்பி. அவன் காலத்தைக் கடந்து 1986க்குப் போய், மிக்கேல் கான்வால்டாக வளர்ந்து, ஹன்னாவை மணந்து பெற்ற மகன் ஜோனாஸ். ஆக, மார்த்தா ஜோனாஸுக்கு அத்தை. அந்தச் சொல்லைத் தாளில் எழுதிய பிறகு அந்த இருவரின் ஏரிக்கரைக் காட்சியை என்னால் பழைய மனதோடு பார்க்க முடியவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஜோனாஸும் மற்ற உலகத்து மார்த்தாவும் 1971க்குப் போய், கடிகாரக்காரர் டான்ஹவுஸின் மகன் குடும்பம் பாலத்தில் விபத்துக்குள்ளாகாமல் தடுக்கிறார்கள். விபத்து இல்லையென்றால் டான்ஹவுஸ் கால இயந்திரம் செய்ய மாட்டார், உலகம் இரண்டாகப் பிளக்காது. எஞ்சுவது மூல உலகம் மட்டும். அங்கே ஒரு விருந்து மேசை. ரெகினா, கத்தரீனா, ஹன்னா, பீட்டர், பெர்னாடெட், வொல்லர் என ஆறு பேர் இருக்கிறார்கள்.

என் தாளில் இதைச் சரிபார்த்தேன். பெயரில்லாத அந்த மனிதன், அதாவது ஜோனாஸுக்கும் மார்த்தாவுக்கும் பிறந்தவன், அவன் வழியாக வரும் பெயர்களை எல்லாம் அடித்தேன். ட்ரோண்டே, உல்ரிச், மாட்ஸ், மாக்னஸ், மார்த்தா, மிக்கேல், ஜோனாஸ் போய்விட்டார்கள். தாயே மகளாகவும் மகளே தாயாகவும் இருக்கும் ஷார்லோட்டும் எலிசபெத்தும் போய்விட்டார்கள்; அவர்களுக்குத் தாய்ப் பத்திரமே கிடையாது. கூடவே ஃபிரான்சிஸ்காவும். ரெகினா நிற்கிறாள், ஏனென்றால் அவள் ட்ரோண்டேயின் மகள் இல்லை. அவள் தாய் கிளாடியா இவ்வளவு பாடுபட்டதே அதற்காகத்தான். எல்லாம் கணக்காக ஒத்துவந்தது.

பார்டோஷ் மட்டும் இடிக்கிறான். அவன் தாய் ரெகினா மேசையில் இருக்கிறாள். தந்தை அலெக்சாண்டர் வெளியூர்க்காரர், அந்த முடிச்சோடு இரத்த உறவே இல்லாதவர். தாய் வழியிலும் வில்லங்கம் இல்லை, தந்தை வழியிலும் இல்லை. அப்படியானால் மகன் எங்கே? அலெக்சாண்டரும் எங்கே? எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்கிறாள் என் மகள். இவ்வளவு நுணுக்கமாக நெய்தவர்கள் ஒரு பிள்ளையை மறப்பார்கள் என்று நான் நம்பவில்லை. விடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

ஐயா, உங்கள் தாளைப் படமெடுத்துப் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்விக்கு இவ்வளவு ஆழம் தேவையா என்று தெரியவில்லை. அம்மாவின் நண்பர்கள் சாப்பிட வரும் இரவில் பதினேழு வயதுப் பையன் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? சினேகிதன் வீட்டுக்குப் போயிருக்கலாம். மேசையில் இல்லை என்பதாலேயே உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடாது.

---

மூலப்பத்திரம் எழுதியது:

தம்பி, மகன் வெளியே போயிருக்கலாம். கணவருமா? அந்தக் காட்சியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைக் காட்டுவதற்காகவே கேமரா அந்த மேசையில் நிற்கிறது. உல்ரிச் இல்லாமல் கத்தரீனா இருக்கிறாள். ஷார்லோட் இல்லாமல் பீட்டர், பெர்னாடெட்டோடு இருக்கிறான். ஒவ்வொரு வெறுமைக்கும் ஒரு காரணம் இருக்கும்போது ரெகினாவின் பக்கத்தில் இருக்கும் வெறுமைக்கு மட்டும் காரணம் இல்லை என்று எப்படி விடுவது?

---

நூற்கண்டு எழுதியது:

ஐயா, உங்கள் தாளில் இரத்த உறவை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். யாரும் யாருக்கும் பிறக்க வேண்டுமானால் தாயும் தந்தையும் முதலில் சந்திக்க வேண்டும். ரெகினாவும் அலெக்சாண்டரும் எப்படிச் சந்தித்தார்கள் என்று முதல் சீசனை மறுபடி பாருங்கள்.

1986. ஹன்னா அப்போது சிறுமி, உல்ரிச் மேல் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது போன்ற ஆசை. அவனும் கத்தரீனாவும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அவன் கத்தரீனாவைப் பலாத்காரம் செய்தான் என்று காவலர் ஏகானிடம் பொய் சொல்கிறாள். உல்ரிச் கைதாகிறான். காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டபோது ரெகினாவைக் கை காட்டுகிறாள் ஹன்னா. உல்ரிச்சும் கத்தரீனாவும் ரெகினாவைக் காட்டில் பிடித்து அடிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, உடம்பில் குண்டுக் காயத்தோடும் கையில் துப்பாக்கியோடும் ஓர் இளைஞன் வந்து அவர்களை விரட்டுகிறான். அவன்தான் அலெக்சாண்டர். ரெகினா அவனுக்கு அடைக்கலம் கொடுக்கிறாள். கிளாடியா அவனுக்கு அணுமின் நிலையத்தில் வேலை கொடுக்கிறாள்.

மூல உலகத்தில் உல்ரிச் இல்லை. அவன் இல்லையென்றால் ஹன்னாவின் பொறாமை இல்லை, பொய் இல்லை, கைது இல்லை, அடி இல்லை. அன்றைக்கு ரெகினா அந்த இடத்தில் நிற்கவே மாட்டாள். காயத்தோடு ஓடி வந்தவன் ஓடிக்கொண்டே வேறு ஊருக்குப் போயிருப்பான். பார்டோஷைப் பிறப்பால் யாரும் அழிக்கவில்லை. அவனுடைய பெற்றோர் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

---

கடலூர் ஆசிரியை எழுதியது:

நூற்கண்டு சொன்னது எனக்கும் தோன்றியிருக்கிறது. தொடரில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் இது ஊகம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அலெக்சாண்டர் வேறொரு நாள் வேறொரு தெருவில் ரெகினாவைச் சந்தித்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க நம்மிடம் காட்சி இல்லை.

ஆனால் இதற்கு ஆதரவாக ஒன்று இருக்கிறது. ஏவாளின் உலகத்தை, அதாவது அந்த மற்ற மார்த்தாவின் உலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜோனாஸ் பிறக்கவே இல்லை. மிக்கேல் காலத்தைக் கடந்து போகவில்லை என்பதால். அவ்வளவு மாறிப்போன உலகத்திலும் உல்ரிச் இருக்கிறான், பார்டோஷும் இருக்கிறான். உல்ரிச் இருக்கும் இரண்டு உலகங்களிலும் பார்டோஷ் இருக்கிறான். இல்லாத மூன்றாவது உலகத்தில் இவனும் இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு காரணியை நீக்கிப் பார்க்கும் சோதனை சொல்லிக்கொடுப்போம். அது போலத்தான் இதுவும் இருக்கிறது.

---

மூலப்பத்திரம் எழுதியது:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்று முதல் சீசனின் அந்தக் காட்டுக் காட்சியையும், கடைசி விருந்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். நூற்கண்டுக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

ஒரு தவறு என்னுடையது. உரிமை இரத்த வழியில் மட்டும் வருவதாக எழுதிக்கொண்டிருந்தேன். கிரயம், தானம், உயில் என்று வேறு வழிகளில் சொத்து கைமாறுவதை நாளெல்லாம் எழுதுகிறவன், இங்கே மட்டும் அதை மறந்துவிட்டேன்.

காட்டுக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு விருந்தைப் பாருங்கள். பொய் சொன்னவள் ஹன்னா. அடித்தவள் கத்தரீனா. அடிபட்டவள் ரெகினா. 1986இல் அந்த விவகாரத்தில் இருந்த மூன்று பெண்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறார்கள். முதல் உலகத்தில் கடைசி வரை ஒருவரையொருவர் மன்னிக்காதவர்கள். நடுவில் நின்ற உல்ரிச்சை எடுத்துவிட்டால் அவர்களுக்குள் பகையே இல்லை. மூன்று முறை பார்த்தும் இது என் கண்ணில் படவில்லை. நேற்று ரெகினாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. தாளில் பார்டோஷிலிருந்து கீழே கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பார்டோஷ் 1888இல் மாட்டிக்கொண்டு பிறகு சில்யாவை மணக்கிறான். அவர்கள் மகள் ஆக்னஸ். ஆக்னஸின் மகன் ட்ரோண்டே. ட்ரோண்டேயின் மகன் உல்ரிச். அப்படியானால் உல்ரிச், பார்டோஷின் கொள்ளுப்பேரன். காட்டில் ரெகினாவை அடிக்கப் போனதால்தான் அலெக்சாண்டர் வந்தான், பார்டோஷ் பிறந்தான். தன் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்குத் தானே காரணமாக இருந்திருக்கிறான் உல்ரிச். பார்டோஷ் இல்லாமல் உல்ரிச் இல்லை, உல்ரிச் இல்லாமல் பார்டோஷ் இல்லை. ஷார்லோட்டும் எலிசபெத்தும் போலவே இதுவும் ஒரு மூடிய வளையம். அங்கே கருப்பையால் மூடியிருக்கிறது, இங்கே ஒரு பொய்யால்.

சில்யா யார்? ஹன்னா கடந்த காலத்துக்குப் போய் ஏகானோடு வாழ்ந்து பெற்ற மகள். ஹன்னாவுக்குப் பார்டோஷ் மருமகன் ஆகிறான். 1986இல் ஏகானிடம் ஹன்னா சொன்ன பொய், அவள் மகளுக்கு மாப்பிள்ளையைப் பிறக்க வைத்திருக்கிறது. அவள் உயிரை விட்டு ஆசைப்பட்ட உல்ரிச், அவளுக்கே எள்ளுப்பேரன். இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

---

இரவுப்பணி எழுதியது:

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் ஐயா. சினேகிதன் வீட்டுக்கெல்லாம் போகவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். மூல உலகில் கத்தரீனாவுக்கு மூன்று பிள்ளைகளும் இல்லை, ரெகினாவுக்கும் மகன் இல்லை. கிளாடியா தன் மகளைக் காப்பாற்றத் தன் பேரனையே இல்லாமல் செய்துவிட்டாளே. அது அவளுக்குத் தெரியுமா?

---

நூற்கண்டு எழுதியது:

தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இரண்டு உலகங்களிலும் முப்பத்து மூன்று ஆண்டுச் சுற்றுகளில் திரும்பத் திரும்ப அலைந்து, யார் யாருக்கு யார் என்று கண்டுபிடித்தவள் அவள். அலெக்சாண்டருக்கு வேலை கொடுத்ததும் அவள் கைதான். பேரனை இழப்பாள் என்று அவள் கணக்குப் போடாமல் இருந்திருக்க மாட்டாள். ரெகினா புற்றுநோயால் வாடுவதைப் பார்த்தவள். அந்தத் தாயின் இடத்திலிருந்து பார்த்தால் எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, ஆனால் பார்டோஷுக்காக வருத்தமாக இருக்கிறது. ஜோனாஸுக்கும் மார்த்தாவுக்கும் ஒரு பிரியாவிடை கிடைத்தது. அவனுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

---

மூலப்பத்திரம் எழுதியது:

நானும் அதையேதான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஹன்னா தன் வயிற்றைத் தடவிக்கொண்டு ஜோனாஸ் என்ற பெயர் அழகாக இருக்கிறது என்கிறாள். பார்டோஷின் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தம்பி படம் கேட்டிருந்தார். என் மகள் இன்று இரவு எடுத்துப் போடுவாள். பார்டோஷின் பெயரை நான் அடிக்கவில்லை. பென்சிலால் சுற்றி வட்டமிட்டு உல்ரிச்சோடு சிவப்பு மையில் இணைத்திருக்கிறேன். அலெக்சாண்டரை எப்படி எழுதுவது என்றுதான் சற்று நேரம் யோசித்தேன். அவர் கையில் இரண்டு கடவுச்சீட்டுகள் இருந்தன அல்லவா? எங்கள் வழக்கப்படி 'போரிஸ் நீவால்டு என்கிற அலெக்சாண்டர் கோலர்' என்று எழுதி, இருப்பிடம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.