ஏரி நடுவே மண்திட்டு: புள்ளிமூக்கு வாத்துக்கு உதவுமா?

பாலாற்றங்கரை:
கோடையில் நம்ம வேலூர், ராணிப்பேட்டை ஏரிகளைத் தூர்வாரும்போது, வண்டலில் கொஞ்சத்தை நடுவிலேயே வட்டத் திட்டாகக் குவித்து நாட்டுக் கருவேலமும் நாவலும் நட வேண்டும் என்பது என் யோசனை. சுற்றிலும் தண்ணீர் நின்றால் நாய் வருவது குறையும், ஆள் நடமாட்டமும் இருக்காது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போல வலசை வந்து போவதல்ல புள்ளிமூக்கு வாத்து. இங்கேயே வாழ்ந்து இங்கேயே முட்டையிடும் பறவை. அதற்கு ஓர் இடம் செய்து தரலாமே.

கோரைப்புல்:
திட்டு சரி, மரம் வேண்டாம் சார். இந்த வாத்து மரத்தில் கூடு கட்டாது. அடர்ந்த புல்லின் தூரில் ஒரு சின்னப் பள்ளம், அதில் காய்ந்த புல், மேலே பெட்டை தன் மார்பிலிருந்து பிடுங்கிய தூவி, அதாவது மென்மையான சிறு இறகு. கூடு அவ்வளவுதான். இரைக்குப் போகும்போது அந்தத் தூவியையே இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் சருகு மாதிரிதான் தெரியும். மரம் நட்டால் நீர்க்காகமும் கொக்கும் வரும். வேடந்தாங்கலில் கடம்ப மரங்களை நிறைத்திருப்பவை அவைதானே. காக்கைக்கும் உட்கார்ந்து வேவு பார்க்கக் கிளை கிடைத்துவிடும்.

அதைவிடப் பெரிய தப்பு, திட்டின் ஓரம். ஜேசிபி குவித்த திட்டு சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளில் தாயோடு தண்ணீருக்கு இறங்கிவிடும். இறங்கத்தான் முடியும், திரும்ப ஏற முடியாது. கரையேறித் தாயின் சிறகுக்குள் ஒடுங்கிக் காய வழியில்லாத குஞ்சு விறைத்துப் போகும். 1 அடி உயரத்துக்கு 10 அடியாவது சரிவு வேண்டும்.

பாலாற்றங்கரை:
சரிவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் சரிவில் தண்ணீர் 1 அடி ஏறினால் 10 அடிப் புல் முழுகும். நம் பக்கம் இது கூடு வைப்பது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். ஏரி ஏறுவதும் அப்போதுதான். காவேரிப்பாக்கம் ஏரிக்குப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வருகிறது. உள்ளூரில் மழையே பெய்யாவிட்டாலும் ஆற்றில் வெள்ளம் வந்தால் மட்டம் ஏறிவிடும். மரத்தை ஒதுக்கினால், மரத்தில் கூடு வைக்கும் சீழ்க்கைச் சிறகி என்ற வாத்து எங்கே போகும்?

கோரைப்புல்:
சீழ்க்கைச் சிறகிக்கு வேண்டியது பழைய மரத்துப் பொந்து, அல்லது காக்கையோ கொக்கோ கட்டிவிட்டுப் போன கூடு. இன்று நடும் கன்றில் பொந்து விழப் பல பத்தாண்டு ஆகும். கரையில் ஏற்கெனவே நிற்கும் கிழட்டு மரங்களை வெட்டாமல் விடுங்கள், அது போதும்.

மட்டம் ஏறுவது நிஜமான சிக்கல்தான். புள்ளிமூக்கு வாத்து இடுவது 7 முதல் 9 முட்டை, நாளுக்கு ஒன்றாக. அதன்பின் அடைகாப்பு சுமார் 24 நாள். ஆக, கூடு ஒரு மாதத்துக்கு மேல் நனையாமல் இருக்க வேண்டும். அதனால் திட்டின் உச்சி, ஏரி நிரம்பி வழியும் கலங்கல் மட்டத்துக்கு மேலே குறைந்தது 2 அடி நிற்கட்டும். புல் அந்த உச்சியில் இருக்கட்டும். சரிவு அங்கிருந்து தொடங்கி நீருக்குள் இறங்கட்டும்.

ஆயக்கட்டுக்காரன்:
நீங்கள் இருவரும் விவசாயியை மறந்துவிட்டீர்கள். தூர்வாரும்போது உள்வாயில், அதாவது தண்ணீர் ஏரிக்குள் வரும் மேட்டுப் பக்கத்தில், ஆழம் குறைந்த இடத்தைத் தொடாதே என்கிறார்கள் பறவை ஆர்வலர்கள். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் வயலுக்குத் தானாக ஒரு சொட்டு பாயாது. பாசனத்துக்கு உதவும் கொள்ளளவு அதற்கு மேலேதான். தூர்வாரி அதைக் கூட்ட முடிவது உள்வாயில்தான். வண்டலும் அங்கே சேர்கிறது.

கோரைப்புல்:
முழு உள்வாயையும் கேட்கவில்லை நண்பரே. வரத்துக்கால் ஏரியில் சேரும் வாய்ப்பகுதியை மட்டும் விடுங்கள். புள்ளிமூக்கு, முக்குளித்து இரை எடுக்கும் வாத்து அல்ல. வாலை மேலே தூக்கித் தலைகீழாகக் கவிழ்ந்து மேயும். உடல் நீளமே ஏறத்தாழ 60 செ.மீ.தான். ஒன்றரை அடிக்கு மேல் ஆழம் போனால் அலகு சேற்றைத் தொடுவது கஷ்டம். விதை, நீர்ப்பூண்டு, நத்தை எல்லாம் அந்த ஆழத்துக்குள் இருக்க வேண்டும்.

மதகுக்குக் கீழே தோண்டும் மடுவும் வீண் இல்லை. கிணறுகளுக்கு ஊறும். குஞ்சு வளர்த்து முடித்த வாத்து பறக்கும் இறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உதிர்க்கும். மூன்று, நான்கு வாரம் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் ஏரி வற்றிவிட்டால் நாய்க்கு இரைதான். மடுவில் தண்ணீரும் ஓரத்தில் உயர்ந்து வளரும் சம்புப் புல்லும் இருந்தால் பிழைக்கும்.

பாலாற்றங்கரை:
கணக்கெடுப்பவர்களுக்கு ஒன்று: அறுவடை முடிந்த வயலில் மேய்ந்துவிட்டு ஏரியில் இறங்கும் ஆரணி நாட்டு வளர்ப்பு வாத்துகளைத் தூரத்திலிருந்து பார்த்துச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். கறுத்த அலகில் மஞ்சள் நுனி தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். அலகு முகத்தில் தொடங்கும் இடத்தில் உள்ள சிவப்புப் புள்ளியை நம்ப வேண்டாம், பெட்டைக்கு அது மங்கலாக இருக்கும்.

ஆயக்கட்டுக்காரன்:
வரத்துக்கால் வாயை விடச் சம்மதம். ஆனால் அங்கே மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு என்ற களைச்செடி போயே ஆக வேண்டும். தண்ணீர் ஓடவே வழியில்லை.

கோரைப்புல்:
கட்டாயம் போகட்டும், அது வளர்ந்த இடத்தில் புல்லே வராது. தரை காய்ந்திருக்கும் மே, ஜூனில் வேரோடு பிடுங்குங்கள். வெட்டி அங்கேயே போட்டால் ஒவ்வொரு துண்டும் ஈரம் பட்டதும் வேர்விடும். எல்லாவற்றையும் கரைக்கு வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரியுங்கள். செப்டம்பருக்குப் பிறகு அந்தப் பக்கம் வண்டி இறங்கக் கூடாது.